கப்பல்துறைக்கு முன்னே வந்த கன்னியா

2022 மார்ச் கடைசி. நாடு முழுக்க நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. திருகோணமலையில் இருட்டிய பிறகு கரண்ட் போனால் முதலில் வீட்டு ரவுட்டர் அணையும். கொஞ்ச நேரத்தில் கைபேசிக் கோபுரத்தின் பற்றரியும் இறங்கி, போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக மறையும். மடிக்கணினியில் மட்டும் இரண்டு மணித்தியாலத்துக்கு உயிர் மிச்சம் இருந்தது. மாவட்டத்து ஊர்ப்பெயர்களை அகரவரிசைப்படுத்தித் தருவதாக ஒருவரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். வரிக்கு ஒரு பெயர். கிண்ணியா, மூதூர், வெருகல், நிலாவெளி என்று கேட்கக் கேட்கத் தட்டி வைத்த பட்டியல்.

அதை விம் எடிட்டரில் திறந்து, மொத்தமாகச் சோர்ட் என்ற கட்டளைக்குள் செலுத்தினேன். கண்ணிமைக்கும் முன்பே எல்லாம் அடுக்கப்பட்டு நின்றது. மேலிருந்து வாசித்துக்கொண்டு வந்தவன் ககரத்திலேயே தடுக்கி நின்றேன். கந்தளாய், கன்னியா, கப்பல்துறை. அரிச்சுவடி படித்த எந்தப் பிள்ளையும் சொல்லும், பகரத்துக்குப் பிறகுதான் றன்னகரம் நிற்கும் என்று. ‘ன’ மெய்யெழுத்து வரிசையின் கடைசிப் பிள்ளை. வெந்நீர்க் கிணறுகளுக்குப் பேர்போன கன்னியா, கப்பல்துறைக்குப் பின்னால் வரவேண்டிய ஊர்.

இணையத்தில் தேட வழியில்லை. பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு, அதே விம்முக்குள் கோலன் அழுத்தி ‘மேன் சோர்ட்’ என்று கொடுத்தேன். திரை இரண்டாகப் பிரிந்தது. மேலே சோர்ட் கட்டளையின் கையேட்டுப் பக்கம், கீழே என் ஊர்கள். சாய்கோடு போட்டு ‘லோகேல்’ என்று தேடியதும் கேர்சர் ஒரு எச்சரிக்கையில் போய் நின்றது. மொழிச்சூழல் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறதோ அதைப் பொறுத்தே வரிசை மாறும் என்றும், ‘சி’ என்ற சூழலைக் கொடுத்தால் எழுத்துகளின் பைட் மதிப்பைக் கொண்டு பழைய முறையில் அடுக்கப்படும் என்றும் அந்தப் பக்கம் சொல்கிறது. என் கணினியில் அவசரமாக நிறுவிய லினக்ஸில் மொழிச்சூழல் எதுவும் அமைக்கப்பட்டிருக்கவில்லை. அப்படி வெறுமையாக விட்டால் அது ‘சி’ தான். கீழ்ச் சாளரத்துக்கு இறங்கி, செய்ததை ‘யூ’ விசையால் திருப்பிவிட்டு, இலங்கைத் தமிழுக்கான மொழிச்சூழலை முன்னால் வைத்து மறுபடி செலுத்தினேன். கந்தளாய், கப்பல்துறை, கன்னியா.

இந்தச் சின்ன வேலையில் நான் ஒரு முறைகூட எடிட்டரை விட்டு வெளியே போகவில்லை. அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். கணினிக் கையேட்டை வேலை நடக்கும் இடத்திலேயே, வேலையோடு பக்கத்தில் வைத்துப் படிப்பது வாசிப்பையே மாற்றுகிறது. இதை எங்கள் பக்கத்து மாணவர்களில் பெரும்பாலோருக்கு யாரும் காட்டிக்கொடுப்பதில்லை.

‘மேன்’ என்பது மேனுவல் என்ற சொல்லின் சுருக்கம். யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் பெரும்பாலானவற்றில் ஏறக்குறைய ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம் வட்டிலேயே கிடக்கும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிட்சியும் எழுதிய முதல் யூனிக்ஸ் கையேட்டின் தேதி 1971 நவம்பர் 3. கட்டளையின் பெயர், அதைத் தட்டும் விதம், விளக்கம், தொடர்புள்ள வேறு பக்கங்கள், அறியப்பட்ட வழுக்கள் என்ற அந்த அடுக்கு அரை நூற்றாண்டு கடந்தும் கலையவில்லை. பக்கங்கள் எண்ணிட்ட பகுதிகளாகப் பிரிந்திருக்கும். 1 என்றால் பயனர் கட்டளை, 2 கருவகத்தை அழைக்கும் வழிகள், 3 நூலகச் சார்புகள், 5 கோப்புகளின் அமைப்பு, 8 நிர்வாகிக்குரியவை. ஒரே பெயரில் இரண்டு பக்கம் இருந்தால் எண்ணைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

வழுக்களுக்கென்று தனித் தலைப்பு வைத்ததைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனிதர்கள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. தாங்கள் செய்த பொருள் எங்கே தவறும் என்பதைச் செய்தவர்களே முதல் பதிப்பிலேயே எழுதி வைத்தார்கள்.

எங்கள் துறைமுகத்துக்குக் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் பழக்கம் கணினிக்கு முன்பே தெரியும். ஜேம்ஸ் ஹோர்ஸ்பர்க் என்ற ஸ்கொட்லாந்து மாலுமி வேலை பார்த்த அட்லஸ் என்ற கப்பல் 1786இல் டியாகோ கார்சியாத் தீவில் மோதி உடைந்தது. அவர்கள் நம்பி வந்த கடல் வரைபடம் பிழையானது. உயிர் தப்பிய அவர் அதன் பிறகு போன இடமெல்லாம் ஆழத்தையும் நீரோட்டத்தையும் காற்றையும் குறித்துக்கொண்டே போனார். 1809க்கும் 1811க்கும் இடையில் கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் போய்வரும் வழிகளைச் சொல்லும் கையேட்டை வெளியிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் மாலுமிகள் கையில் வைத்திருந்த நூல் அது. இப்படியான வழிகாட்டி நூல் இருக்கவேண்டிய இடம் வரைபட மேசை. சுக்கான் பிடிப்பவர் இருக்க, பக்கத்திலேயே வரைபடம் விரிந்திருக்க, அதன்மேல் நூல் திறந்திருக்கும். கொட்டியார் குடாவைக் கடந்து உட்துறைமுக வாயிலுக்குத் திரும்பும் நேரத்தில் கீழ்த்தட்டு அலுமாரிக்கு ஓடிப்போய்ப் புத்தகம் தேடுகிறவரிடம் யாரும் கப்பலைக் கொடுக்கமாட்டார்கள்.

கட்டளை முனையத்தில் ‘மேன்’ என்று தட்டினால் பக்கம் லெஸ் என்ற வாசிப்பானில் திறக்கும். மேலும் கீழும் போகலாம், தேடலாம். ஆனால் திரை முழுவதையும் அது எடுத்துக்கொள்ளும். வாசித்ததை நினைவில் வைத்துக்கொண்டு வெளியே வந்து கோப்பைத் திறப்பதற்குள் பாதி மறந்துவிடும். மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. என் மாணவர் ஒருவர் ஒரு கட்டளையின் நான்கு தெரிவுகளைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். கவலையாக இருந்தது.

விம்மில் நிலைமை வேறு. மேன் என்ற துணைநிரல் விம்முடனேயே வருகிறது. அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதி அதை எழுப்பிவிட வேண்டும். விம்மின் புதிய வடிவமான நியோவிம்மில் அந்த ஒரு வரியும் வேண்டாம். நிரலை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு சொல்லின்மேல் கேர்சரை வைத்து ஷிப்ட் பிடித்துக் ‘கே’ விசையைத் தட்டினால் அந்தச் சொல்லுக்குரிய கையேட்டைத் தேடிப்போகும். முன்னால் 3 என்று தட்டிவிட்டுக் ‘கே’ அழுத்தினால் மூன்றாம் பகுதியில் தேடும். வந்த பக்கத்தில் ‘மேலும் பார்க்க’ என்ற இடத்தில் வேறு பக்கங்களின் பெயர்கள் இருக்கும். ஒன்றின்மேல் கேர்சரை நிறுத்தி, கன்ட்ரோலும் வலப்பக்கச் சதுர அடைப்பும் அழுத்தினால் அந்தப் பக்கத்துக்குள் நுழையலாம். கன்ட்ரோலும் ‘டி’யும் அழுத்தினால் வந்த வழியே திரும்பலாம். எவ்வளவு ஆழத்துக்குப் போனாலும் மீண்டுவரும் கயிறு கையிலேயே இருக்கிறது.

முனையத்தில் தட்டிய பழக்கத்தை விடமுடியாதவர்களுக்கும் வழி உண்டு. கையேட்டை எந்த வாசிப்பானில் காட்டவேண்டும் என்பதை ‘மேன்பேஜர்’ என்ற சூழல் மாறி சொல்கிறது. அதில் விம்மையோ நியோவிம்மையோ குறித்துவிட்டால் எங்கிருந்து கூப்பிட்டாலும் பக்கம் எடிட்டரில்தான் திறக்கும்.

ஈமாக்ஸ் என்ற இன்னொரு எடிட்டரைப் பாவிப்பவர்கள் மெட்டா-எக்ஸ் தட்டி ‘மேன்’ என்று கேட்பார்கள். ‘என்’ விசை அடுத்த தலைப்புக்கும் ‘பி’ முந்தின தலைப்புக்கும் தாவும், ‘எஸ்’ நேரே ‘மேலும் பார்க்க’வுக்குப் போகும். ஈமாக்ஸில் இன்னொன்றும் இருக்கிறது. அதன் பெயர் ‘வுமன்’, அதாவது மேன் இல்லாமலே மேன். கணினியில் மேன் கட்டளை இல்லாத விண்டோஸ் பயனர்களையும் மனதில் வைத்து பிரான்சிஸ் ரைட் எழுதியது. கையேட்டின் மூலக்கோப்பை அதுவே வாசித்து அதுவே வடிவமைத்துக் காட்டும்.

வாசிப்பானில் பார்க்கும்போது கையேடு கண்ணாடிக்குள் வைத்த பொருள். எடிட்டருக்குள் வந்ததும் அது உரை. ஒரு வரியை நகலெடுத்துக் கீழே நிரலில் ஒட்டலாம். ஓரிடத்தில் அடையாளம் வைத்துவிட்டுப் பிறகு அங்கே திரும்பலாம். இரண்டு கட்டளைகளின் பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து ஒப்பிடலாம். ஒரு நீண்ட பக்கத்தில் ‘எச்சரிக்கை’ என்ற சொல் வரும் வரிகளை மட்டும் வடித்தெடுக்கலாம்.

இதே காரணத்தால்தான் எடிட்டரில் திறக்கும்போது ஒரு விசித்திரம் கண்ணில் படும். துணைநிரல் எதுவும் இல்லாமல், யூனிக்ஸின் பிஎஸ்டி கிளைவழி வந்த கணினியொன்றில் மேன் பக்கத்தை ஒரு கோப்பில் சேமித்து விம்மில் திறந்து பாருங்கள். தலைப்புகளில் ஒவ்வொரு எழுத்தும் இரட்டையாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே கூரைக்குறியும் ‘ஹெச்’சும் சேர்ந்த ஒரு குறி. முதன்முதலில் பார்ப்பவர் கோப்புக் கெட்டுவிட்டது என்றே நினைப்பார். அது பின்னிடு விசையின் குறி. எழுத்தை அடி, ஒரு இடம் பின்னே போ, அதே எழுத்தை மறுபடி அடி என்ற ஆணை. யூனிக்ஸ் பிறந்த காலத்து முனையங்களில் பெரும்பாலும் திரை கிடையாது. டெலிடைப் இயந்திரம் காகிதத்தில் அடித்தது. ஒரே எழுத்தை ஒரே இடத்தில் இருமுறை அடித்தால் மை கனத்துத் தடித்த எழுத்தாகும். அடிக்கோட்டை அடித்துவிட்டுப் பின்னே வந்து எழுத்தை அடித்தால் கீழ்க்கோடிட்ட எழுத்தாகும். காகிதமும் மைப்பட்டியும் போய்விட்டன, ஆணை மட்டும் கோப்புக்குள் இன்னும் இருக்கிறது. கொல் என்ற கட்டளைக்குப் ‘பி’ என்ற தெரிவைக் கொடுத்தால் இவற்றைக் கழுவித் தரும். இன்றைய லினக்ஸில் கோப்புக்கு அனுப்பும்போது மேன் தானாகவே கழுவிவிடுகிறது.

தட்டச்சு படித்த தமிழர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து மலாயா போன ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப்பொறி அமைத்தபோது இத்தனை எழுத்தை எப்படிச் சில டசின் விசைகளுக்குள் அடக்குவது என்ற கேள்விக்கு நகரா விசையைக் கண்டார். அந்த விசையை அடித்தால் குறி காகிதத்தில் விழும், ஆனால் உருளை நகராது. அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து விழும். புள்ளியை முதலில் அடித்து மெய்யைப் பிறகு அடிக்க, ‘க்’ உருவாகும். டெலிடைப் பின்னே போய்ச் செய்த வேலையைத் தமிழ்ப்பொறி நகராமல் நின்று செய்தது. எங்கள் ஊரில் கச்சேரி வாசலில் மனு அடித்துக் கொடுத்தவர்களின் விரல்களுக்கு இந்த ஒழுங்கு தெரிந்திருந்தது.

கணினியில் தமிழ் வேறு ஒழுங்குக்கு மாறியது. மெய்யின் உடல் முதலில், புள்ளி பிறகு. கன்னியா ஏன் முன்னே வந்தது என்பது எழுத்துகளுக்குக் கணினியில் கொடுத்த எண்களில் இருக்கிறது. அன்றிரவு பட்டியலிலேயே அதைச் சோதித்தேன். விம்மில் ஓர் எழுத்தின்மேல் நின்று ‘ஜி’, ‘ஏ’ என இரண்டு விசைகளைத் தட்டினால் அதன் யூனிகோட் எண்ணைச் சொல்லும். ‘ந’ 2984. ‘ன’ 2985. ‘ப’ 2986. றன்னகரம் தந்நகரத்துக்குப் பக்கத்திலேயே, பகரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

1991இல் வெளிவந்த யூனிகோட்டின் முதல் பதிப்பு இந்திய எழுத்துகளுக்கெல்லாம் இந்தியாவின் இஸ்கி தரத்தைப் பின்பற்றியது. இஸ்கி எல்லா எழுத்துமுறைகளுக்கும் ஒரே அச்சு வைத்திருந்தது. தேவநாகரியில் ஒரு எழுத்து எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, அதற்கு இணையான தமிழெழுத்தும் தன் பகுதியில் அதே கட்டத்தில் இருக்கவேண்டும். தமிழின் ‘ன’, ‘ற’, ‘ழ’ போன்றவற்றை எழுதத் தேவநாகரியில் ஒத்த எழுத்துகளுக்கு அடிப்புள்ளியிட்டு, அவற்றின் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். அதனால் தமிழிலும் நகரத்தோடு னகரம், ரகரத்தோடு றகரம் என ஒட்டிக்கொண்டன. ‘ர’ 2992, ‘ற’ 2993, ‘ல’ 2994, ‘ள’ 2995, ‘ழ’ 2996, ‘வ’ 2997. தொல்காப்பியக் காலத்து ஒழுங்கைப் படித்த கண்ணுக்கு இது தலைகீழ். யூனிகோட் எண்களைப் பைட்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். அந்த முறையை 1992இல் வகுத்தவர்களில் ஒருவர் முதல் யூனிக்ஸ் கையேட்டை எழுதிய அதே கென் தொம்சன், மற்றவர் ரொப் பைக். எண்களின் வரிசையும் பைட்களின் வரிசையும் ஒன்றாகவே இருக்கும்படி அவர்கள் அமைத்தார்கள். ஆகவே பைட் மதிப்பால் அடுக்கச் சொன்னபோது சோர்ட் சொன்னபடியே செய்தது. அதன் கையேடு அதை மறைக்கவும் இல்லை.

சோர்ட்டின் மேன் பக்கம் மெலிந்தது என்பதையும் சொல்லவேண்டும். மூலக்கோப்பை எடிட்டரில் திறந்தால் (சுருக்கப்பட்ட கோப்பானாலும் விம் அதை அவிழ்த்தே காட்டும்) முதல் வரியிலேயே, இது இயந்திரம் எழுதியது, கைவைக்காதீர்கள் என்ற குறிப்பு இருக்கும். லினக்ஸில் இருக்கும் சோர்ட்டை எழுதிய குனூ திட்டத்தார் முழுக் கையேட்டை இன்ஃபோ என்ற வேறு வடிவத்தில் எழுதி, மேன் பக்கத்தை உதவிச் செய்தியிலிருந்து பிழிந்தெடுக்கிறார்கள். ஈமாக்ஸில் கன்ட்ரோல்-ஹெச், பிறகு ‘ஐ’ தட்டினால் அந்த இன்ஃபோ நூலகம் திறக்கும். அதற்கு மாறாக, பிஎஸ்டி கிளையைச் சேர்ந்த ஓப்பன்பிஎஸ்டியின் மேன் பக்கங்கள் மனிதர் உட்கார்ந்து எழுதிய உரைநடை. நல்ல கையேடு எப்படி இருக்கும் என்று ஒரு மாணவர் கேட்டால் அவற்றைத்தான் காட்டுவேன்.

மூலக்கோப்பைத் திறந்து பார்த்தவர் இன்னொன்றையும் காண்பார். கையேடு எழுதப்பட்டிருக்கும் மொழி மிக எளிது. ரொஃப் என்று பெயர். பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸுக்குப் புதுக் கணினி கிடைத்ததே ஆவணங்களைத் தயாரிக்கும் முறையொன்றை உருவாக்கித் தருவோம் என்று சொல்லித்தான். அந்த வேலைக்கான கருவி இது. புள்ளியில் தொடங்கும் வரிகள் ஆணைகள். புள்ளியும் ‘டிஹெச்’சும் பக்கத்தின் தலைப்பு, புள்ளியும் ‘எஸ்ஹெச்’சும் பகுதித் தலைப்பு, புள்ளியும் ‘பிபி’யும் புதுப் பத்தி. மற்றதெல்லாம் சாதாரண உரை. பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

அப்படியென்றால் தமிழில் ஒரு பக்கம் எழுத என்ன தடை? லினக்ஸின் மேன் கட்டளை உங்கள் மொழிச்சூழலைப் பார்க்கும். அது தமிழ் என்றால், கையேட்டுக் கோப்புறைக்குள் தமிழின் ஈரெழுத்துக் குறியான ‘டிஏ’ என்ற பெயரில் உள்கோப்புறை இருக்கிறதா என்று முதலில் தேடும். அங்கே பக்கம் இருந்தால் அதைக் காட்டும், இல்லாவிட்டால் ஆங்கிலத்துக்குப் போகும். யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. கோப்புறையை உண்டாக்கிக் கோப்பை வைத்தால் போதும்.

கண்ணுக்கு முன்னால் ஒரு சிக்கல் இருக்கிறது. முனையத் திரை ஒரே அகலமுள்ள கட்டங்களால் ஆனது. எழுத்துக்கு ஒரு கட்டம். ‘ர’வும் ‘ணை’யும் ஒரே அகலத்துக்குள் அடங்காது. விம் கட்டம் கட்டமாக வரைவதால் தமிழ் நெரிபடும், கொம்பும் காலும் அடுத்த எழுத்தில் ஏறும். ஈமாக்ஸைத் தனிச் சாளரத்தில் திறந்தால் அந்தத் தொல்லை குறைவு. 2020இல் வந்த 27.1ஆம் பதிப்பிலிருந்து அது ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துருவாக்க நிரலைக் கொண்டு தமிழை ஒழுங்காகக் கோக்கிறது. நான் இரண்டையும் பாவிக்கிறேன். ஆங்கிலப் பக்கங்களுக்கு விம், தமிழ் எழுத உட்காரும்போது ஈமாக்ஸ்.

ஊர்ப்பெயர்களை அடுக்கும் ஆறு வரி நிரலுக்கு ‘ஊர்வரிசை’ என்று பெயர் வைத்து, அதற்கொரு தமிழ்க் கையேடு எழுதினேன். பெயர், சுருக்கம், விளக்கம், எடுத்துக்காட்டு. எடுத்துக்காட்டில் கன்னியாவும் கப்பல்துறையும் வருகின்றன. ‘ஆர்கியுமென்ட்’ என்பதற்கு என்ன போடுவது என்று ஒரு மாலை முழுக்க யோசித்து, கடைசியில் ‘கட்டளைக்குக் கொடுக்கும் பெயர்’ என்று நீட்டியே எழுதிவிட்டேன். சொல்லகராதிச் சொல்லைப் போட்டிருந்தால் என் மாணவர்கள் அதை வாசிக்க இன்னொரு கையேடு தேவைப்பட்டிருக்கும்.

பிறகு ‘வழுக்கள்’ என்ற தலைப்புக்கு வந்தேன். நகரப் பகுதியில் மட்கோ என்றும் மடத்தடி என்றும் இரண்டு இடங்கள். அகராதி முறைப்படி ‘ட்’ முன்னே, ‘ட’ பின்னே, ஆகவே மட்கோ முதலில் வரவேண்டும். புள்ளியின் யூனிகோட் எண் 3021. உயிர்மெய்க் குறிகளுக்கும் மெய்களுக்கும் பின்னால் இருக்கும் எண் அது. மொழிச்சூழல் அமைக்காத கணினியில் பைட் வரிசை மடத்தடியைத்தான் முன்னே தள்ளும். இதை எழுதினேன்.

அடுத்தது இன்னும் நுட்பமானது. மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளில் ஒன்று பதவி ஸ்ரீபுர. அந்த ‘ஸ்ரீ’யை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ‘ஸ’வில் தொடங்கியும் எழுதலாம், யூனிகோட்டில் 2005இல் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்கியும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே உருவம். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொல். ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் மற்ற விதமாகவும் தட்டிய பட்டியல்களைச் சேர்த்தால் பதவி ஸ்ரீபுர இரண்டு ஊராகிவிடும். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. கண்ணால் எவ்வளவு பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

அந்த எழுத்தின்மேல் கேர்சரை நிறுத்தி ‘ஜி’, ‘ஏ’ தட்டிப் பார்க்கவும், 3000 என்றால் ஸகரம், 2998 என்றால் ஶகரம் என்று வழுக்கள் பகுதியின் கடைசி வரியாக எழுதிச் சேமித்தேன். ஆறு வரி நிரலுக்குக் கையேடு நாற்பத்திரண்டு வரி. திறந்து பார்க்கையில், கீழே ஊர்கள் அப்படியே இருந்தன.